ராயபுரம் ‘ராக்கர்ஸ்’ கையில் ஏன் கிடார் இல்லை? - ஜாலியான ‘ஹெவி மெட்டல்’ பையனும் வட சென்னையும்

ஒரு சின்ன கார். உள்ளே ஐந்து இளைஞர்கள். கேசட்டைத் தட்டிவிடுகிறார்கள். பாட்டு மெதுவாகத் தொடங்கி எங்கெங்கோ போய், கடைசியில் கிடார் வெடிக்கும் இடத்துக்கு வந்ததும் ஐந்து தலைகளும் ஒரே நேரத்தில் மேலும் கீழும் ஆடுகின்றன. முடி பறக்கிறது. வேலை, காசு, நாளைக்கு என்ன என்ற யோசனை எதுவுமே காருக்குள் கிடையாது.

1992-ல் வந்த ‘வேய்ன்ஸ் வேர்ல்ட்’ என்ற ஹாலிவுட் காமெடிப் படத்தின் காட்சி இது. ரீல்ஸில் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. சென்னையில் காலேஜ் படித்த யாருக்கும் இதைப் பார்த்தால் கார் ஞாபகம் வராது, பஸ்தான் வரும். ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு, பஸ்ஸின் தகரத்தில் இரண்டு கையாலும் தாளம் தட்டி, ஒருவர் கானா எடுக்க, மொத்தக் கூட்டமும் பின்னால் சேர்ந்து பாடும் அந்தப் பஸ்.

இரண்டும் ஒரே சந்தோஷம்தான். ஆனால், சினிமா ஒன்றை ‘ஜாலியான பையன்’ என்கிறது, இன்னொன்றை ‘பொறுக்கி’ என்கிறது. ஏன்?

யார் இந்த ‘ஜாலி மெட்டல்’ பையன்?

ஹாலிவுட் காமெடியில் இவர் ஒரு தனி ரகம். கறுப்பு டி-ஷர்ட், நீள முடி, கையில் இல்லாத கிடாரை இருப்பது போல வாசிக்கும் பழக்கம். படிப்பில் சுமார், பேச்சில் வெகுளி, யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். வாழ்க்கையில் அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் சீரியஸ்: பிடித்த பேண்ட்.

இந்த ரகத்தைப் பிரபலமாக்கிய படத் தொடர்கள் இரண்டு. ஒன்று ‘பில் அண்ட் டெட்’. 1989, 1991, 2020 என மூன்று பாகங்கள். இன்றைக்கு ‘ஜான் விக்’ ஆகத் தெரிந்த கீயானு ரீவ்ஸ்தான் அதில் டெட். வரலாற்றுப் பாடத்தில் ஃபெயில் ஆகப்போகும் இரண்டு பையன்கள். கிடாரே சரியாக வாசிக்கத் தெரியாது. ஆனால், எதிர்காலத்தில் உலகமே அவர்கள் பாட்டால்தான் அமைதியாக இருக்கப்போகிறது என்பதுதான் கதை. மொக்கையாகத் தோன்றலாம், ஆனால் அந்த வெள்ளந்தித்தனத்துக்காகவே படம் ஓடியது.

இன்னொன்று, மேலே சொன்ன ‘வேய்ன்ஸ் வேர்ல்ட்’. 1992, 1993 என இரண்டு பாகங்கள். மைக் மையர்ஸும் டானா கார்வியும் அமெரிக்காவின் அரோரா என்ற ஊரில் வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து உள்ளூர் கேபிள் டிவிக்கு ஷோ நடத்துபவர்கள். முதல் பாகத்தை இயக்கிய பெனலபி ஸ்பீரிஸ், அதற்கு முன் 1988-ல் மெட்டல் இசைக்காரர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர். அதனால்தான் அந்தப் பையன்களைக் கிண்டல் செய்தாலும் படம் அவர்களைக் கேவலப்படுத்துவதில்லை. காரில் ஓடிய பாட்டு குயின் குழுவின் ‘பொஹிமியன் ராப்சடி’. 1975-ல் வந்த பாட்டு, இந்தப் படத்துக்குப் பிறகு மறுபடி அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 2-வது இடம் வரை ஏறியது. அதைப் பாடிய ஃப்ரெடி மெர்குரி பள்ளிப் படிப்பைப் படித்தது மகாராஷ்டிராவின் பஞ்சகனியில் என்பது ஒரு கொசுறுத் தகவல்.

2018-ல் ஃபின்லாந்திலிருந்து வந்த ‘ஹெவி ட்ரிப்’ இதே ரகத்தை இன்னும் தூரம் கொண்டுபோனது. பனிமான் இறைச்சிக் கூடத்தில் வருடக் கணக்கில் ஒத்திகை பார்க்கும் ஒரு கிராமத்து மெட்டல் குழு, ஒரு மேடைகூட ஏறியதில்லை. அந்தப் படத்துக்கும் 2024-ல் இரண்டாம் பாகம் வந்துவிட்டது.

சரி, அது என்ன ‘ஹெவி மெட்டல்’?

பேரிலேயே இருக்கிறது: இரும்பு. இந்த இசை பிறந்தது கடற்கரையிலோ கான்சர்ட் ஹாலிலோ அல்ல, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தொழிற்சாலைப் பகுதியில். அங்கே ஆஸ்டன் என்ற பேட்டையைச் சேர்ந்த நான்கு பையன்கள் 1968-ல் சேர்ந்த குழுதான் ‘பிளாக் சப்பாத்’. முதல் ஆல்பம் வெளியானது 1970 பிப்ரவரி 13. வெள்ளிக்கிழமை.

கிடாரிஸ்ட் டோனி ஐயோமி 17 வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டுவிட்டு முழு நேரம் இசைக்குப் போக முடிவெடுத்த நேரம். கடைசி நாள், கடைசி ஷிஃப்ட். மெஷினில் மாட்டி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடது கையால் மீட்டுபவர் என்பதால், கம்பியை அழுத்துவது வலது கைதான். அதாவது, கிடாரிஸ்டாக அவர் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் என்ன செய்தார்? பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். கம்பி இறுக்கமாக இருந்தால் வலிக்கும் என்பதால் மெல்லிய கம்பி போட்டார், பிறகு சுருதியையும் இறக்கி, கம்பியைத் தளர்த்தினார். சுருதி இறங்கியதும் சத்தம் கனமானது, இருண்டது. பிறகு உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் ‘மெட்டல் சவுண்டு’ என்று காப்பியடித்தது, ஒரு தொழிலாளியின் கைக்காயத்துக்குச் செய்த அட்ஜஸ்ட்மென்ட்டைத்தான்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விஷயம் சட்டென்று புரியும். அந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு பயமுறுத்துவதற்குக் காரணம் அதிலுள்ள ஒரு ஸ்வர இடைவெளி. ‘ஸ’விலிருந்து பிரதி மத்யமம் வரை உள்ள தூரம் அது. கல்யாணி ராகத்தில் கேட்கும்போது இனிக்கும் அதே ‘ம’, அங்கே டிஸ்டார்ஷனோடு சேர்ந்து பேய்ப்பட எஃபெக்ட் கொடுக்கிறது.

அந்தக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். கடைசியாக 2025 ஜூலை 5 அன்று அதே ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில், தான் வளர்ந்த தெருக்களுக்குப் பக்கத்திலேயே பாடிவிட்டு, 17 நாள் கழித்து காலமானார்.

பர்மிங்காமுக்கும் திருவொற்றியூருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் பூட்டியது பஸ் அல்ல, ஆஸ்டின் கார். அந்த ஆஸ்டின் கம்பெனியின் தாய்வீடு பர்மிங்காமின் லாங்பிரிட்ஜ். பிறகுதான் லேலண்டோடு கைகோத்து, 1955-ல் ‘அசோக் லேலண்ட்’ என்று பேர் மாறியது.

அதே 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. புல்லட்டின் தாய்வீடு ரெட்டிச். பர்மிங்காமிலிருந்து சுமார் 25 கி.மீ. தெற்கே உள்ள ஊர். லெட் செப்பலின் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹம் பிறந்ததும் இதே ரெட்டிச்சில்தான். ராக் இசையில் ‘அடி’ என்றால் இவர் அடிதான் என்று இன்றைக்கும் டிரம்மர்கள் சத்தியம் செய்வார்கள். புல்லட்டின் ‘டப்... டப்...’பும் பான்ஹமின் டிரம்மும் ஒரே ஊர்த் தண்ணீர் என்று சொன்னால், அது வெறும் கவித்துவம் இல்லை, பிறப்புச் சான்றிதழ் விஷயம். ரெட்டிச் ஆலை 1960-களின் கடைசியிலேயே மூடப்பட்டுவிட்டது. திருவொற்றியூர் இன்னும் ஓடுகிறது.

ஆக, மெஷின் சத்தம், ஷிஃப்ட் சங்கு, புகை, ஃபுட்பால், பாக்ஸிங், ரயில்வே குவார்ட்டர்ஸ், சர்ச், தொழிற்சங்கம் என்று ஆஸ்டனில் இருந்தது ஏறக்குறைய எல்லாமே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இருந்தது.

மெட்டல் மட்டும் ஏன் வரவில்லை?

மேற்கத்திய இசை வட சென்னைக்குத் தெரியாது என்பது தப்பான பதில். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. ரயில்வேயோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வந்தன. ராயபுரம், பெரம்பூர் பக்கம் கிடாரும் பியானோவும் டான்ஸ் ஹாலும் பழக்கப்பட்ட விஷயம்தான். ‘சார்பட்டா பரம்பரை’யில் ஜான் விஜய் நடித்த ‘டாடி’ கெவின் பாத்திரம் அந்த உலகத்தின் மிச்சம்.

காரணம் காசு. மெட்டல் வாசிக்க எலெக்ட்ரிக் கிடார் மட்டும் போதாது. ஆம்ப்ளிஃபையர், பெடல், டிரம் செட், இதையெல்லாம் வைத்து அலற ஒரு அறை வேண்டும். வேய்னுக்கு பேஸ்மென்ட் இருந்தது. பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேர் படுக்கும் இடத்தில் டிரம் செட்டை எங்கே வைப்பது? கானாவுக்கு டோலக் போதும். அதுவும் இல்லையென்றால் பிளாஸ்டிக் குடம், டெஸ்க், தீப்பெட்டி.

அடுத்தது மொழியும் இடமும். சென்னையில் ராக் வளர்ந்தது ஐஐடி ‘சாரங்’ மேடையிலும் அடையாறு ‘அன்வைண்ட் சென்டர்’ போன்ற இடங்களிலும்தான். எல்லாமே கூவத்துக்குத் தெற்கே. பாட்டு பெரும்பாலும் இங்கிலீஷ். ஏ.ஆர்.ரஹ்மானே சினிமாவுக்கு முன் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழு வைத்திருந்தவர்தான், ஆனால் அவர் மக்களிடம் சேர்ந்தது சினிமா வழியாக. தமிழர்கள் மெட்டலே வாசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ‘ருத்ரா’ குழு, வேதாந்தக் கருத்துகளை டெத் மெட்டலில் பாடி ‘வேதிக் மெட்டல்’ என்றே ஒரு பேர் வாங்கியது. ஆனால் அது சிங்கப்பூர்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. தொழிலாளி வீட்டுப் பையனுக்கு சாவையும் காதலையும் கோபத்தையும் கேலியையும் சத்தமாகப் பாட ஒரு இசை வேண்டும், அது கானாவாக ஏற்கெனவே இருந்தது. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடும் மரண கானாதான் அதன் வேர்களில் முக்கியமானது. மரணத்தைப் பற்றிப் பாடியே பிழைப்பைக் கொண்டாடுவது மெட்டலின் ஸ்பெஷாலிட்டி என்று நினைப்பவர்கள், ஒரு மரண கானாவைக் கேட்டுவிட்டு வரலாம்.

தமிழ் சினிமாவில் இவர் எங்கே?

தமிழ் சினிமாவில் கிடார் என்றால் காதல். ‘பயணங்கள் முடிவதில்லை’ மோகனிலிருந்து ‘வாரணம் ஆயிரம்’ சூர்யா வரை, கிடார் வந்தால் பின்னாலேயே ஹீரோயின் வருவார். ஜாலிக்காக, தலையாட்டுவதற்காகக் கிடாரைத் தூக்கியவர்கள் ரொம்பக் குறைவு.

முதல் ஆளாக ‘நினைத்தாலே இனிக்கும்’ ரஜினியைச் சொல்லலாம். 1979. கமல் காதலில் உருகிக்கொண்டிருக்க, அதே இசைக்குழுவில் இருக்கும் தீபக் என்ற ரஜினி கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுக்கொண்டு, எதைப் பற்றியும் கவலைப்படாமல் சுற்றுவார். சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் பந்தயத்தில் சுண்டு விரலையே பணயம் வைக்கும் அளவுக்கு ஜாலி. 2003-ல் ஷங்கரின் ‘பாய்ஸ்’ ஒரு முழு பேண்டையே கொண்டுவந்தது. அதில் நடித்தவர்களில் ஒருவரான தமன் இன்றைக்குத் தெலுங்கில் டாப் இசையமைப்பாளர்.

பிறகு 2007 ஏப்ரல் 27. வெங்கட் பிரபுவின் ‘சென்னை 600028’. உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறி ஊரே வெறுத்துப்போயிருந்த நேரம். வங்கதேசத்திடம் தோற்ற மார்ச் 17 அன்றுதான் பெங்களூரில் அயர்ன் மெய்டன் குழு இந்தியாவின் மிகப்பெரிய மெட்டல் கச்சேரிகளில் ஒன்றை நடத்தியது, அதுவும் இன்னொரு கொசுறு. அந்தச் சோகத்துக்கு நடுவில் வந்த இந்தத் தெரு கிரிக்கெட் காமெடி செம ஹிட். 2016 டிசம்பரில் இரண்டாம் பாகமும் வந்தது.

படத்தில் ஹீரோ டீம், விசாலாட்சி தோட்டம் ‘ஷார்க்ஸ்’. எதிரணிக்கு வைத்த பேர்தான் ‘ராயபுரம் ராக்கர்ஸ்’. ராயபுரத்திலிருந்து வீடு மாறி வரும் ரகுவாக ஜெய் நடித்திருப்பார். பழைய நண்பர்களை விட்டுவிட்டு, பரம எதிரி ஏரியாவில் வந்து விழும் அந்தப் பையனின் முகத்தில்தான் படத்தின் பாதிக் கதை இருக்கிறது. பேர் ‘ராக்கர்ஸ்’, ஆனால் அந்த ஏரியா பையன்கள் என்ன பாட்டு கேட்பார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று படம் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஜாலியாக இருக்கும் உரிமை முழுக்க ஷார்க்ஸுக்குத்தான். ‘என்ன கொடுமை சார் இது’ என்று ‘சந்திரமுகி’ டயலாக்கையே தன் சொத்தாக மாற்றிக்கொண்ட பிரேம்ஜியின் சீனு, தமிழில் வந்த ‘கார்த்’ என்று தாராளமாகச் சொல்லலாம். வேலை கிடையாது, வெட்டி கிடையாது, யாருக்கும் தொல்லையும் கிடையாது.

இதே நேரத்தில் வட சென்னைப் பையனுக்கு சினிமா கொடுத்த வேலை என்ன? கத்தி. ‘புதுப்பேட்டை’யில் தொடங்கி வரிசையாக எடுத்துப் பார்த்தால், ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி என்றாலே ஒன்று வெட்டுபவர் அல்லது வெட்டுப்படுபவர். அவற்றில் நல்ல படங்கள் உண்டு, மறுக்க முடியாது. ஆனால், ஒரு ஏரியாவிலிருந்து வருடத்துக்கு நான்கு கொலைகாரர்கள் வந்து, ஒரு சீனுகூட வரவில்லை என்றால் எங்கோ கணக்கு உதைக்கிறது.

உடைத்தது யார்?

2012-ல் பா.இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’. காதலில் தோற்றுவிட்டு சோகமாக இருக்கவே தெரியாத ஒரு பையன். சோகத்தை நடித்துப் பார்க்கிறான், வரவில்லை, பசிக்கிறது, சாப்பிடப் போய்விடுகிறான். காலேஜ் சேர்ந்ததும் பஸ்ஸில் ‘ரூட்டு தல’ ஆகிறான். கானா பாலாவின் குரல் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது இந்தப் படத்தில்தான். புளியந்தோப்புக்காரர், சட்டம் படித்தவர். கதை நடப்பது சென்னையின் புறநகரில் என்றாலும், ‘இந்தப் பையனும் சும்மா ஜாலியா இருக்கலாம்’ என்று சினிமா ஒத்துக்கொண்ட தருணம் அது. (அதற்கு முன்பே தேவா கானாவை சினிமாவுக்குள் கொண்டுவந்துவிட்டார். ‘காதல் கோட்டை’யில் அவர் பாட்டின் தலைப்பே ‘கவலைப்படாதே சகோதரா’. ஆனால் பாட்டுதான் உள்ளே வந்தது, பாடுகிற பையன் வாசலிலேயே நின்றான்.)

2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’யின் டான்சிங் ரோஸ். ஷபீர் கல்லரக்கல் நடித்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் கொஞ்ச நேரமே வந்து, ரிங்குக்குள் ஆடிக்கொண்டே குத்தும் அந்த ஆள் ஏன் அவ்வளவு வைரல் ஆனார்? கௌரவம், பழி, பரம்பரை என்று எல்லோரும் முறுக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில், அவர் ஒருவர்தான் என்ஜாய் பண்ணிக்கொண்டிருந்தார்.

திரும்ப அந்த பஸ்

வேய்ன் கோஷ்டியின் காருக்கும் எம்டிசி பஸ்ஸுக்கும் ஒரு வித்தியாசம்: கார் சொந்தம், பஸ் பொது. பையன்கள் தட்டும் அந்தத் தகரத்துக்கு அடியில் இருக்கும் சேஸிஸ் பெரும்பாலும் அசோக் லேலண்ட். அதாவது, எண்ணூரில் அப்பாவோ சித்தப்பாவோ போல்ட் முறுக்கியதன் மேலேயே பிள்ளை தாளம் போடுகிறான். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியானாலும் சரி, மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் ஆனாலும் சரி, பல பையன்களின் முதல் மேடை அந்த ஃபுட்போர்டுதான். ஹெவி மெட்டல் என்றால் இதைவிட ஹெவியாக, இதைவிட மெட்டலாக வேறு என்ன வேண்டும்?

ஆனால் பஸ்ஸில் மற்றவர்களும் போகிறார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டே வருபவர், கைக்குழந்தைக்காரர், பரீட்சைக்குப் போகும் பெண். அவர்களுக்கு இது கச்சேரி இல்லை, தலைவலி. ரூட்டு தகராறும் நிஜம்தான். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் நடுரோட்டில், பஸ்ஸுக்குள் மாணவர்கள் பட்டாக்கத்தியோடு மோதிய வீடியோவை யாரும் மறந்திருக்க முடியாது. ஃபுட்போர்டில் தொங்கி உயிரை விட்டவர்களும் உண்டு. இதையெல்லாம் ‘கெத்து’ என்று சொல்லிக் கடந்துபோவது நியாயமில்லை.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், கத்தி எடுத்த நான்கு பேருக்கும் தாளம் தட்டிய நாற்பது பேருக்கும் ஒரே பேர் வைக்கும்போது.

முடியைப் பார்த்து முடிவெடுத்தால்?

இந்தத் தப்பு அமெரிக்காவிலும் நடந்தது, அங்கே விலை பெரியது. 1993-ல், ‘வேய்ன்ஸ் வேர்ல்ட்’ இரண்டாம் பாகம் வந்த அதே வருடம், அர்கன்சா மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸ் நகரில் மூன்று சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் அந்த ஊரின் மூன்று டீன்ஏஜ் பையன்கள் மேல் விழுந்தது. அவர்களுக்கு எதிராகப் பேசப்பட்ட விஷயங்களில் ஒன்று, கறுப்பு டி-ஷர்ட் போடுவதும் மெட்டாலிகா கேட்பதும். சாத்தான் வழிபாடு என்று கதை கட்டப்பட்டது. ஒருவருக்கு மரண தண்டனை, இருவருக்கு ஆயுள். வழக்கின் ஓட்டைகளை 1996-ல் ஒரு ஆவணப்படம் வெளியே கொண்டுவந்தது. அதற்குத் தன் பாட்டுகளைப் பயன்படுத்த மெட்டாலிகா அனுமதி கொடுத்தது. மூவரும் வெளியே வந்தது 2011-ல். 18 வருடம் கழித்து, அதுவும் ‘நாங்கள் செய்யவில்லை’ என்று சொல்லிக்கொண்டே சட்டத்துக்காகக் குற்றத்தை ஏற்கும் ஒரு ஒப்பந்தத்தின் பேரில்.

சினிமாவில் சிரிக்க வைத்த அதே பையன், கோர்ட்டில் பூதமாகத் தெரிந்தான். வேய்னும் டெட்டும் சும்மா சிரிப்புக்காக மட்டும் முக்கியமானவர்கள் இல்லை. நீள முடிக்காரனைப் பார்த்தாலே பயந்த பெற்றோர்களுக்கு, ‘பாவம், நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிதான்’ என்று அவர்கள் காட்டினார்கள்.

இங்கே அந்த இடத்தில் இருப்பவர் ‘புள்ளிங்கோ’. கலர் அடித்த முடி, ஓரம் மழித்த கட்டிங், ஒரே பைக்கில் மூன்று பேர், போனில் கானா. கானா ஸ்டீபனின் பாட்டு யூடியூப்பில் பறந்தபோது அந்த வார்த்தை நண்பர்கள் கூட்டத்தைக் குறித்தது. 2019 தீபாவளிக்கு வந்த ‘பிகில்’ படத்தில், ரஹ்மான் இசையில் விஜய்யே பாடும் அளவுக்குப் போனது. அதே வேகத்தில் மீம்ஸில் அது வசவாகவும் மாறியது. ‘புள்ளிங்கோ கட்டிங் வெட்டாதீங்க’ என்று பள்ளிகள் சலூன்காரர்களிடம் கேட்டுக்கொண்ட செய்திகளும் வந்தன. அதே கட்டிங் ஓஎம்ஆர் ஐடி ஆபீஸில் இருந்தால் அதற்குப் பேர் ‘அண்டர்கட்’. முடி ஒன்றுதான், பின்கோடு வேறு.

ராக்கும் கானாவும் சேர்ந்தபோது

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதல் முறை மேடை ஏறியது. 19 பேர். பெயர், அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய ‘சாதி பேதமற்ற தமிழர்’ என்ற சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது. கானா பாடகர்கள், ராப் பாடகர் அறிவு, சட்டி, டோலக், பறை, அதற்குப் பக்கத்திலேயே எலெக்ட்ரிக் கிடார், டிரம் செட். எல்லோரும் சாம்பல் நிற கோட்-சூட்டில். இத்தனை நாள் ‘சாவு பாட்டு’ என்று ஒதுக்கப்பட்ட இசைக்கு ஒரு பெரிய பி.ஏ. சிஸ்டம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் நிறைய பேர் கேட்டார்கள்.

குழுவில் இருந்த ஒரே பெண், வட சென்னையைச் சேர்ந்த இசைவாணி. ஆண்கள் மட்டுமே பாடிக்கொண்டிருந்த கானாவில் மேடை பிடித்தவர். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ‘ஜாலியான பையன்’ கதையை இவ்வளவு நேரம் பேசும்போது பெண்ணே வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேய்ன்ஸ் வேர்ல்டிலும் அதே நிலைமைதான். பேண்ட் வைத்திருக்கும் கசாண்ட்ரா வேய்னைவிட நன்றாகவே வாசிப்பார், ஆனால் படம் வேய்னுடையது. மொட்டை மாடியிலோ ஃபுட்போர்டிலோ கவலையில்லாமல் தாளம் தட்டும் பெண் பாத்திரம் தமிழில் இன்னும் எழுதப்படவில்லை.

அந்தக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு வைத்த பேர் ‘மகிழ்ச்சி’. கோபமான பாட்டுகள் நிறைந்த ஆல்பத்துக்கு அந்தப் பேர்.

எண்ணூரின் இன்னொரு ‘ஹெவி மெட்டல்’

கூகுளில் எண்ணூரையும் ஹெவி மெட்டலையும் சேர்த்துத் தட்டினால் பாட்டு வராது. கன உலோகம்தான் வரும். அனல் மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலில் ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் எல்லாம் உண்டு. சாம்பல் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்ததைப் பற்றி மீனவர்கள் வருடக்கணக்கில் புகார் சொல்லி, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வீடுகளுக்குள்ளும் வலைகள் மேலும் படிந்தது. அது காய்வதற்குள், அதே மாதம் 26-ம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறலோடு மக்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ இந்தச் சாம்பலைப் பற்றியதுதான். அதை எழுதியவர் கபேர் வாசுகி. அவரும் டென்மாவும் அதற்கு முன் ‘குரங்கன்’ என்ற குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். கர்நாடக சங்கீதம், ராக், கானா என்று தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருந்தவை எண்ணூர்ச் சாம்பலில் வந்து சந்தித்தது இப்படித்தான்.

இந்தக் காற்றில் வளரும் பையனிடம் போய் ‘கவலையில்லாத பாத்திரம்’ எழுதுவது பொருந்துமா என்று ஒரு கேள்வி வரும். ஆஸ்டன் காற்றும் அன்றைக்கு நன்றாக இல்லை. கையில் விரல் நுனி இல்லாதவர்தான் கிடாரை எடுத்தார்.

‘பில் அண்ட் டெட்’ மூன்றாம் பாகத்தில் இருவருக்கும் வயதாகிவிட்டது, பேண்ட் தேய்ந்துவிட்டது, மகள்கள் வளர்ந்து நிற்கிறார்கள். ‘சென்னை 600028’ இரண்டாம் பாகத்திலும் அதே கதைதான். ஷார்க்ஸ் பையன்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பேட்டைத் தூக்க மனைவியிடம் பர்மிஷன் வேண்டும். ரகுவின் கல்யாணத்துக்காக மொத்த கோஷ்டியும் தேனிக்கு வண்டி ஏறிவிடுகிறது. ராயபுரம் ராக்கர்ஸ் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட ஒரு பாகம் மட்டும் இன்னும் வரவில்லை.